ரைசன் 9000 வரிசை: எந்தப் படிக்கு எந்த விலை தகும்?

ஏஎம்டி நிறுவனம் 2024 ஆகஸ்டில் ரைசன் 9000 வரிசையின் முதல் நான்கு டெஸ்க்டாப் ப்ராசசர்களை வெளியிட்டது. அவற்றின் அறிமுக விலை, ஆறு கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கொண்ட 9600எக்ஸுக்கு 279 டாலர், எட்டு கோர் 9700எக்ஸுக்கு 359, பன்னிரண்டு கோர் 9900எக்ஸுக்கு 499, பதினாறு கோர் 9950எக்ஸுக்கு 649. 2022இல் 7000 வரிசையின் இதே படிகளுக்கு 299, 399, 549, 699 டாலர் கேட்ட நிறுவனம் நான்கிலும் விலையைக் குறைத்தது பாராட்டத்தக்கது. ஆனால் பெட்டியின் மேல் உள்ள ரைசன் 5, 7, 9 என்ற எண்ணைப் பார்த்து, எண் கூடக்கூட எல்லா வேலையும் விரைவாக நடக்கும் என்று எண்ணி வாங்குவது பணத்தை வீணாக்கும்.

விலையைக் கோர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், 9600எக்ஸில் ஒரு கோர் ஏறத்தாழ 46 டாலர். 9950எக்ஸில் ஏறத்தாழ 41 டாலர்தான். முப்பரிமாண ரெண்டரிங் போல எல்லாக் கோர்களுக்கும் ஓயாமல் வேலை தருபவருக்கு மேல்படியே மலிவு. விளையாட்டுக்காக வாங்குபவருக்கு இந்தக் கணக்கு உதவாது. இந்த வரிசை முழுவதும் ஒரே எட்டு கோர் சில்லிலிருந்து பிறக்கிறது. அதில் இரண்டு கோர்களை அணைத்துவிட்டால் 9600எக்ஸ். எட்டும் இயங்கினால் 9700எக்ஸ். 9900எக்ஸிலும் 9950எக்ஸிலும் அத்தகைய சில்லுகள் இரண்டு அருகருகே அமர்ந்திருக்கின்றன. ஒரு சில்லிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு போய்வர நேரம் பிடிப்பதால், பல விளையாட்டுகளில் 9900எக்ஸுக்குக் கூடுதலாகத் தரும் 140 டாலருக்குப் பலன் தெரிவதில்லை.

2024 நவம்பரில் 479 டாலருக்கு வந்த 9800எக்ஸ்3டி, கோர் கணக்கில் பார்த்தால் இந்த விலைகளிலேயே மிக அதிகமானது. ஒரு கோருக்கு ஏறத்தாழ 60 டாலர் ஆகிறது. ஆனால் கோர்களுக்கு அடியில் 64 மெகாபைட் கேஷை (அடிக்கடி தேவைப்படும் தரவை அருகில் வைத்திருக்கும் வேக நினைவகத்தை) கூடுதலாகப் பதித்து, மூன்றாம் நிலை கேஷை மொத்தம் 96 மெகாபைட்டாக உயர்த்தியிருப்பதால், நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்து 1080பி திரையில் விளையாடுபவருக்கு அந்த விலை முற்றிலும் தகும். 4கே திரையில் வேகத்தைப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டே தீர்மானிப்பதால், அதை வைத்திருப்பவர் 9700எக்ஸோடு நின்று, மிச்சமாகும் 120 டாலரைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவதே நல்லது. 2025 மார்ச்சில் 599 டாலருக்கு வந்த 9900எக்ஸ்3டியை என்னால் பரிந்துரைக்க இயலவில்லை. அதன் இரு சில்லுகளில் ஒன்றுக்கு மட்டுமே கூடுதல் கேஷ் உண்டு, அந்தச் சில்லிலும் ஆறு கோர்களே இயங்குகின்றன. விளையாட்டுக்கு 9800எக்ஸ்3டியும் கனமான வேலைக்கு 699 டாலருக்கு அறிமுகமான 9950எக்ஸ்3டியும் இருக்கும்போது, இடையில் இதற்கு என்ன தேவை?

இன்டெல் 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 9 285கேயை 589 டாலருக்கும், அல்ட்ரா 7 265கேயை 394க்கும், அல்ட்ரா 5 245கேயை 309க்கும் கொண்டுவந்தது. விளையாட்டுகளில் அவை பல இடங்களில் இன்டெலின் முந்தைய தலைமுறையைக்கூட எட்டவில்லை. எனினும் 2025இல் 300 டாலரை ஒட்டி இறங்கிய 265கே, இருபது கோர்களோடு, வேலைக்கான கணினிக்கு மிக நல்ல விலை.

ப்ராசசர் விலையோடு செலவு முடிவதில்லை. ரைசன் 7000, 9000 வரிசைகள் பொருந்தும் ஏஎம்5 வகை மதர்போர்டு, டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். 9600எக்ஸ், 9700எக்ஸ் பெட்டிகளில் கூலரும் கிடையாது. இந்தியாவில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்கிறது. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியதால், கையில் முந்தைய ஏஎம்4 வகை மதர்போர்டும் டிடிஆர்4 ரேமும் உள்ளவர் பழைய 5000 வரிசையில் ஒரு படி மேலே போவதையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு, 229 டாலருக்குக் கூலரோடு அறிமுகமான, 7000 வரிசையின் 7600 இன்னும் நேர்மையான விலையுள்ள முதல் படி. 2027க்கு அப்பாலும் ஏஎம்5 தொடரும் என்று ஏஎம்டி உறுதி கூறியுள்ளதால், பின்னாளில் அதே மதர்போர்டில் பெரிய ப்ராசசருக்கு மாறலாம். கடையில் பழைய இருப்பிலுள்ள பி650 மதர்போர்டை 9000 வரிசைக்காக வாங்கினால் பயாஸை, அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை, புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், ப்ராசசர் இல்லாமலே பயாஸை ஏற்றும் பொத்தான் அதன் பின்புறத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.