பெர்கினா, பிரெய்லா?

பள்ளி அறிவியல் விழாவில் ஒரே ஒரு இளம் கண்டுபிடிப்பாளரைப் பற்றித்தான் பேசலாம் என்றால் யாரைச் சொல்வது? எனக்குக் கடைசியில் மிஞ்சுவது இரண்டு பேர்.

1856-இல் வில்லியம் பெர்கினுக்கு வயது 18. ஈஸ்டர் விடுமுறையில் லண்டன் வீட்டிலேயே, மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்கப் பார்த்தார். கிடைத்தது கறுப்பு வண்டல். அதை ஆல்கஹாலில் கழுவியபோது பளிச்சென்று ஊதா நிறம் வந்தது. வேறு யாராவது என்றால் கொட்டியிருப்பார்கள்; இவர் பட்டுத்துணியைத் தோய்த்துப் பார்த்தார். அதே ஆண்டில் காப்புரிமை, அப்புறம் சாயத் தொழிற்சாலை.

லூயி பிரெய்லுக்கு அப்படி எதுவும் தானாக அமையவில்லை. மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் குத்தூசி கண்ணில் பட்டு, பிறகு இரண்டு கண்ணிலும் பார்வை போனது. பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் சார்ல் பார்பியே என்பவர் உருவாக்கிய, மேடான புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் 12 புள்ளி முறை அவருக்குக் கிடைத்தது. அதில் விரலை மேலும் கீழும் நகர்த்தித்தான் படிக்க முடியும். குறித்ததும் ஒலிகளை மட்டுமே, எழுத்துகளை அல்ல. பிரெய்ல் அதை ஆறு புள்ளியாகச் சுருக்கினார், மூன்று மூன்றாக இரண்டு நெடுவரிசை. ஒரே தொடுதலில் விரல்நுனிக்குள் அடங்கிவிடும். 1824-இல் இதை முடித்தபோது வயது 15. பள்ளி அதிகாரபூர்வமாக ஏற்றதோ 1854-இல், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

வேதியியல் வகுப்பு என்றால் சரி, பெர்கினைச் சொல்லலாம். மற்றபடி என் ஓட்டு பிரெய்லுக்கே. தமிழ் பிரெய்லும் அதே ஆறு புள்ளிகளில்தான் எழுதப்படுகிறது.