மளிகைக் கடை கல்லாவில் மினி பிசி: இரண்டரை வருஷம் ஓட்டிய பிறகு

போன வாரம் என் கடைக் கல்லாவில் இருக்கும் மினி பிசியின் (சின்ன டப்பா போன்ற கம்ப்யூட்டர்) அடாப்டர் போய், 12 வோல்ட் 3 ஆம்பியரில் புதிது மாற்றியாயிற்று. அதே நேரத்தில் பக்கத்துத் தெருக் கடைக்காரர் "கல்லாவுக்கு மினி பிசி வாங்கலாமா, டவரா (வழக்கமான பெரிய பெட்டிக் கம்ப்யூட்டர்)?" என்று கேட்டார். அவருக்கான பதில் இது. என்னுடையதில் இன்டெல் என்100 சிப், 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11. பில் போடவும் டேலி கணக்கு சாஃப்ட்வேருக்கும் தாராளம். வேகத்தில் குறையே இல்லை.

எரிச்சல் முழுக்கத் தராசில்தான். எலக்ட்ரானிக் தராசின் பின்னால் இருப்பது ஒன்பது பின் சீரியல் போர்ட். இந்த டப்பாவில் அது கிடையாது, யுஎஸ்பி கன்வெர்ட்டர் போட வேண்டும். செருகிய கன்வெர்ட்டருக்கு விண்டோஸ் 'காம்' என்று ஒரு நம்பர் கொடுக்கும். காலையில் மேஜை துடைக்கிறவர் ஒயரைக் கழற்றிப் பக்கத்து யுஎஸ்பி ஓட்டையில் செருகிவிட்டால் போதும், நேற்று காம்3 ஆக இருந்தது இன்று காம்5. பில்லிங் சாஃப்ட்வேர் காம்3-இலேயே காத்திருக்கும். தராசில் 1.250 கிலோ துவரம்பருப்பு, திரையில் 0.000, எதிரே வாடிக்கையாளர்.

மலிவான கன்வெர்ட்டர்களில் இருக்கும் சிஎச்340 சிப்பில் பொதுவாகத் தனி வரிசை எண் இருக்காது. அதனால் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதைப் பார்த்து விண்டோஸ் நம்பர் கொடுக்கிறது. எஃப்டிடிஐ சிப் உள்ளதில் வரிசை எண் உள்ளேயே பதிந்திருக்கும். எந்த ஓட்டையில் செருகினாலும் பழைய நம்பரே வரும். விலை கூடத்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள். போலி பிஎல்2303 சிப் உள்ளது வேண்டவே வேண்டாம். புது டிரைவர் ஏறியதும் 'கோட் 10' காட்டிப் படுத்துவிடும்.

ஏற்கெனவே மலிவானதை வாங்கியிருந்தால்: டிவைஸ் மேனேஜர், போர்ட்ஸ், ப்ராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு. அங்கே காம் நம்பரை மாற்றலாம். வேண்டிய நம்பர் 'இன் யூஸ்' என்று காட்டினால், வியூ மெனுவில் மறைந்திருக்கும் டிவைஸ்களை வரவழைத்து, மங்கலாகத் தெரியும் பழைய போர்ட்டை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு அந்த ஓட்டைக்கு மேல் டேப் ஒட்டி 'தராசு' என்று எழுதிவிடுங்கள். எடைக்குப் பதில் கிறுக்கல் எழுத்து வந்தால் பாட் ரேட் (தராசும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் வேகம்) பொருந்தவில்லை. பெரும்பாலும் 9600 தான், தராசின் செட்டிங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் சும்மா விட்டதும் தராசு துண்டிக்கிறதா? அதே டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட்டில், மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஓட்டையும் நாலுதான். கீபோர்டு, மவுஸ், ஸ்கேனர், பிரிண்டர், தராசு என்றால் ஐந்து ஆகிவிடுகிறது. ஒரு ஓட்டையைப் பலதாக்கும் ஹப் வாங்கினால் தனி அடாப்டர் உள்ளதாக வாங்கி, அதில் கீபோர்டையும் மவுஸையும் மாட்டுங்கள். தராசும் பிரிண்டரும் நேரடியாக மெஷினிலேயே இருக்கட்டும். பணப்பெட்டிக்கு ஓட்டை தேவையில்லை, அதன் ஒயர் பிரிண்டரின் பின்னால் போகும்.

இதை மெச்ச வேண்டிய இடம் கரன்ட் போகும்போது. மானிட்டரும் சேர்த்து 40 வாட் பக்கம்தான் இழுக்கிறது. சாதாரண 600 விஏ யுபிஎஸ்ஸில், பேட்டரி நன்றாக இருந்தால், அரை மணி நேரத்துக்கு மேல் பில் போடலாம். அதற்குள் டேலியை ஒழுங்காக மூடிவிடலாம், டேட்டா கெடாது. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரை) 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' ஆக்கினால், கரன்ட் வந்ததும் தானே எழுந்துகொள்ளும். மானிட்டரின் முதுகில் திருகிவிட்டதால் மேஜையில் இடமும் மிச்சம், மாவுத் தூசியும் குறைவு. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி ஊதுங்கள். மிளகாய்த்தூள் ஃபேனில் ஈரத்தோடு அப்பிக்கொள்ளும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லியும், தராசு உள்ள கடைக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். துணிக்கடை, ஸ்டேஷனரி என்றால் யோசிக்காமல் வாங்கலாம். மளிகைக்கும் காய்கறிக்கும், அலுவலகங்கள் கழித்துவிடும் சின்ன டவர் போதும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம், அவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் ஒன்பது பின் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மாடலிலேயே சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது.