குழந்தைக்கென்றே தயாரித்தது என்று நம்பி வாங்கிய லிக்விட்: துணி நாப்பி துவைப்பவர்கள் கவனத்துக்கு

துணி நாப்பி வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு எந்த டிடர்ஜென்ட் போடுவது என்று குழம்பிக்கொண்டிருப்பவர்களும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு குழந்தைக்கு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மகளுக்கு இரண்டு மாதம் ஆனபோது 18 நாப்பி கொண்ட ஒரு செட் வாங்கினேன். கூடவே இரண்டு பாட்டில் வந்தன. ஒன்று துவைக்கும் லிக்விட், மற்றொன்று கடைசி அலசலில் ஊற்றச் சொன்ன மென்மையூட்டி. இரண்டிலும் ‘குழந்தையின் சருமத்துக்கென்றே’, ‘இயற்கையானது’, ‘ரசாயனம் இல்லாதது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. செட்டோடு வந்த அட்டையில் ஒரு நிபந்தனையும் இருந்தது: வேறு டிடர்ஜென்ட் போட்டால் நாப்பிக்கான உத்தரவாதம் செல்லாது. அதனால் வேறு எதையும் நான் தொடவே இல்லை.

மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒழுக ஆரம்பித்தது. மாற்றி முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, தொடை ஓரத்தில் ஈரம் கசியும். அடுத்து வாடை. காய்ந்து மடித்து வைத்த நாப்பியில் பூ வாசம்தான் வரும், ஆனால் குழந்தை ஒரு தடவை சிறுநீர் கழித்ததும் மூக்கைத் துளைக்கிற நெடி கிளம்பும். விடிகாலையில் இரவு நாப்பியைக் கழற்றும்போது என் கண்ணே எரிந்தது. அதில்தான் அவள் ராத்திரி முழுக்கப் படுத்திருந்தாள்.

விற்றவர்களுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: “லிக்விட் ஜாஸ்தியா போடறீங்க சிஸ்டர், பாதி மூடி போடுங்க, சரியாயிடும்.” பாதி மூடி போட்டேன். பத்து நாளில் நிலைமை மோசமானது. மறுபடி எழுதினேன். “இன்னும் குறைச்சுப் பாருங்க, கால் மூடி போதும்.” அதையும் செய்தேன். இந்த ஒரு ஆலோசனைதான் எங்களை ஆழமாகக் குழியில் தள்ளியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்த நெடி அம்மோனியா. சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக்கும். சரியாகத் துவைத்த துணியிலும் நெடுநேரம் ஈரமாகக் கிடந்தால் கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும். ஆனால் நனைந்த சில நிமிடங்களிலேயே கண் எரிகிற அளவுக்கு வந்தால், பழைய அழுக்கும் பாக்டீரியாவும் இழைக்குள்ளேயே தங்கிவிட்டன என்று அர்த்தம். இதை எனக்குச் சொன்னவர் குழந்தை மருத்துவர். அதற்குள் மகளின் இடுப்புக்குக் கீழே செக்கச் செவேல் என்று ஆகியிருந்தது. துடைக்கப் போனாலே உடம்பை முறுக்கிக்கொண்டு அழுதாள். மருத்துவர் நாப்பி ஒன்றைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். “வழுவழுன்னு இருக்கே, எதுல துவைக்கிறீங்க?” என்று கேட்டார். பாட்டிலின் பெயரைச் சொன்னேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று மாலையே விற்றவர்களுக்கு மூன்றாவது முறையாக எழுதினேன். புண் படத்தையும் அனுப்பினேன். “நல்லா கொதிக்கற தண்ணில அரை மணி நேரம் போட்டு எடுங்க சிஸ்டர், எல்லாம் போயிடும்” என்றார்கள். நாப்பியின் வெளிப்பக்கத்தில் நீர் கசியாமலிருக்க பாலியூரித்தேன் படலம் ஒட்டியிருக்கும். கொதிநீர் அதற்கு ஆகாது. எனக்கு அது தெரியாது, விற்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் 4 நாப்பியை மட்டும் போட்டேன், அந்த மட்டும் தப்பித்தேன். எடுத்துப் பார்த்தால் படலம் கொப்புளம் கொப்புளமாக உப்பி, வெயிலில் தோல் உரிவது போலத் துணியிலிருந்து தனியாக உரிந்து வந்தது.

உண்மை வெளிப்பட்டது என் மாமியாரால். நான் கையால் அலசிக்கொண்டிருந்த வாளியைப் பார்த்துவிட்டு, “நுரையே கட்டலியேம்மா. இந்தத் தண்ணி உப்புத் தண்ணியாச்சே, சோப்பு திரிஞ்சுதான் போகும்” என்றார். இரண்டு கண்ணாடி பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி பிடிக்கச் சொன்னார். ஒன்றில் அந்த லிக்விட் சில சொட்டு, மற்றதில் எங்கள் துணிகளுக்குப் போடும் சாதாரண சலவைத்தூள் ஒரு சிட்டிகை. மூடிக் குலுக்கினோம். சலவைத்தூள் பாட்டிலில் நுரை கழுத்துவரை நின்றது. லிக்விட் பாட்டிலில் நுரையே இல்லை, திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. விரல் விட்டுப் பார்த்தேன். மெழுகு போல ஒட்டிக்கொண்டது. மருத்துவர் தடவிப் பார்த்து வழுவழுப்பு என்று சொன்னது இதைத்தான்.

சோப்பு வேறு, டிடர்ஜென்ட் வேறு. இரண்டும் அழுக்கை எடுக்கும் என்பதால் நாம் ஒன்றாகவே பேசிவிடுகிறோம். மாமியார் உப்புத் தண்ணீர் என்று சொன்ன கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத கசடாகும். அது இழைமேல் படிந்துவிட்டால் துணி தண்ணீரைக் குடிக்காது. இந்தக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் போனால் கடின நீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடின நீர் என்பது வழக்கமான கணக்கு. சோதனைத் தாள் வாங்கிப் பார்த்தேன், எங்கள் தண்ணீர் 300-ஐ ஒட்டி இருந்தது. இப்படிப்பட்ட தண்ணீரில் ஊற்றுகிற சோப்பை முதலில் கால்சியம்தான் பிடித்துக்கொள்ளும். மிஞ்சுவது மட்டுமே அழுக்கை எடுக்கும். அளவைக் குறைக்கக் குறைக்க மிச்சமே இருக்காது, ஊற்றியது எல்லாம் கசடாகத்தான் போகும். நான் ஒவ்வொரு முறை புகார் சொன்னபோதும் ‘குறைச்சுப் போடுங்க’ என்றார்களே, அது என்ன செய்திருக்கிறது என்று இப்போது புரியும். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று அவர்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இதற்கு மேல் அந்த மென்மையூட்டி. துணி மென்மையூட்டிகள் இழைமேல் ஒரு மெல்லிய பூச்சாகத் தங்கித்தான் மிருதுவாக்குகின்றன. சட்டைக்கு அது சரி. ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே இருக்கிற நாப்பிக்கு அதைப் போடவே கூடாது. நாப்பி விற்கிறவர்களே அதைச் செட்டில் வைத்து அனுப்பியதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உள்ளடக்கப் பட்டியல் கேட்டு நான்கு முறை எழுதிய பிறகு வந்தது. நீர், பொட்டாசியம் கோக்கோயேட், கிளிசரின், நறுமணம். பொட்டாசியம் கோக்கோயேட் என்றால் தேங்காயெண்ணெய்ச் சோப்பு, அவ்வளவுதான். அதில் ஒரு தப்பும் இல்லை, கை கழுவ நல்லது. கடின நீரில் நாப்பி துவைக்க உதவாது. அந்த நறுமணத்தால் வேறு, துணி சுத்தமாகவில்லை என்பதே மூன்று வாரம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

மிச்சமிருந்த 14 நாப்பியை மீட்க இரண்டு நாள் ஆயிற்று. சோடியம் சிட்ரேட் உள்ள நீர் மென்மையாக்கித் தூளும் சாதாரண டிடர்ஜென்டும் முழு அளவில் போட்டு, நாப்பியின் லேபிள் அனுமதித்த 60 டிகிரியில் மூன்று சுற்று ஓட்டினேன். முதல் சுற்றில் வடிந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கலாக இருந்தது. அதற்கு முன் உறிஞ்சும் துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தாமரை இலையில் நிற்பது போல உருண்டு நின்றது. மூன்றாவது சுற்றுக்குப் பின் அதே சொட்டு விழுந்த மாத்திரத்தில் உள்ளே இறங்கியது. அன்றைக்கு அழுதுவிட்டேன். இந்தச் சொட்டுச் சோதனையை உங்கள் வீட்டிலும் இன்றே செய்து பாருங்கள். நாப்பிப் புண்ணுக்குப் போடும் சில களிம்புகளும் துணிமேல் இதே மாதிரி படியும் என்பதால், களிம்பு போடும் நாட்களில் நடுவே ஒரு தனித் துணி விரித்துவிடுங்கள்.

அந்த நெடியைப் பார்த்து குளோரின் பிளீச் ஊற்றத் தோன்றும். சிறுநீர் ஊறிய துணிமேல் அதை நேராக ஊற்றாதீர்கள். அம்மோனியாவும் குளோரின் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சு வாயு வரும். வினிகரோடு சேர்த்தாலும் ஆபத்து, அப்போது குளோரின் வாயுவே வெளிவரும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மடித்து வைக்கும் நாப்பியோடு நாப்தலின் அந்துருண்டை போடவே போடாதீர்கள். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்) பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரலாம்.

நான் இப்போது போடுவது சாதாரண வாஷிங் மெஷின் சலவைத்தூள்தான், வாசனை சேர்க்காதது. புரோட்டீன் கறையை உடைக்கும் என்சைமும், சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் பிளீச்சும் அதில் உண்டு. என்சைம் குழந்தைத் தோலுக்கு ஆகாது என்று பயமுறுத்தினார்கள். மருத்துவரிடம் கேட்டேன், நன்றாக அலசினால் போதும் என்றார். முதலில் வெறும் தண்ணீரில் அலசி, சிறிது தூளோடு ஒரு குறுகிய சுற்று, அப்புறம் முழு அளவில் ஒரு நீண்ட சுற்று. அளவுக்குப் பெட்டியில் ‘அதிக அழுக்கு, கடின நீர்’ என்று போட்டிருக்கும் வரியைத்தான் பார்க்கிறேன். வெயில் இருந்தால் வெயிலில் காய வைக்கிறேன், மிச்சக் கறையை அது வெளுத்துவிடுகிறது. 9 நாளில் மகளின் தோல் முழுதாக ஆறியது.

வெண்மையாக இருப்பதை வைத்து மட்டும் எந்தத் தூளையும் நம்பாதீர்கள். ஒளிர்வூட்டிகள் சேர்த்தால் அழுக்குத் துணியும் பளிச்சென்றுதான் தெரியும். வாங்கும் முன் உள்ளடக்கப் பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால் அதை வாங்காதீர்கள்.

கடைசியாக உத்தரவாதம். உரிந்துபோன 4 நாப்பிக்கு மாற்று கேட்டேன். “கொதிக்க வெச்சா உத்தரவாதம் கிடையாது சிஸ்டர், அட்டையிலேயே இருக்கு” என்றார்கள். அட்டையை எடுத்துப் பார்த்தேன், பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. கொதிக்க வைக்கச் சொன்ன அவர்களுடைய செய்தியையே படமெடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிகிறது. ஏழு வாரம் ஆகிவிட்டது, பதில் இல்லை.