கையில் பிடிப்பதா, இடுப்பில் கட்டுவதா: டிஎஃப்2, இஎம்இ ஸ்பை 200

வைஃபை ரவுட்டரை அறையின் எந்த மூலையில் வைப்பது என்பதுதான் கேள்வி என்றால் டிரைஃபீல்ட் டிஎஃப்2 என்ற கை மீட்டர் போதும். ஒரு நாள் முழுக்க நம்மேல் எவ்வளவு ஆர்எஃப் (ரேடியோ அலை) படுகிறது என்று அறிய அது உதவாது.

20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை வருவதையெல்லாம் கலந்து ஒரே எண்ணாகக் காட்டுவது டிஎஃப்2. செல்போன் டவரா, பக்கத்து இருக்கைக்காரர் போனா என்று பிரிக்காது. காந்தப்புலத்தை மூன்று அச்சிலும் பிடிக்கும் இந்தக் கருவிக்கு ஆர்எஃப்பில் ஒரே அச்சுதான். மீட்டரை ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் திருப்பி அளந்து, மூன்று எண்களையும் கூட்ட வேண்டும். அதற்குள் வைஃபை தன் போக்கை மாற்றியிருக்கும்.

இஎம்இ ஸ்பை 200 வேறு ரகம். எஃப்எம் வானொலி முதல் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வரை 20 பட்டைகளாகப் பிரித்து, உடலில் கட்டியபடியே பதிவு செய்துகொண்டு போகும். டவரிலிருந்து வருவதும் போன்கள் அனுப்புவதும் தனித்தனியாகத் தெரிவது இதன் பெரிய பலம். 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜியில் மட்டும் இந்தப் பலம் எடுபடாது. அங்கே இரு திசைக்கும் ஒரே அலைவரிசை, நேரம் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கணக்கில் விழும். சமையலறையில் வைஃபை எகிறினால் ரவுட்டரைத் திட்ட வேண்டாம்.

கட்டும் இடம்தான் பெரும்பாலும் கெடுக்கிறது. அலை முதுகுப் பக்கமிருந்து வர, கருவி வயிற்றுப் பக்கம் இருந்தால் உடலே மறைத்துவிடும், எண் குறையும். உடம்போடு ஒட்டாமல் சில சென்டிமீட்டர் தள்ளி, முடிந்தால் இருபுறமும் ஒவ்வொன்று கட்டுவது நல்லது. சொந்த போன் ஃப்ளைட் மோடில் இருக்கட்டும். காதில் வைத்துப் பேசும் போனால் தலைக்குள் போவதை இடுப்பில் இருக்கும் எந்த மீட்டரும் சொல்லாது. அதற்கு எஸ்ஏஆர் கணக்கு, அதாவது உடல் திசு உறிஞ்சும் ஆற்றலின் கணக்கு வேண்டும்.

பதிவை இறக்கிய பிறகு சராசரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மின்புல வலிமையின் அளவான வோல்ட்/மீட்டரை நேரடியாகக் கூட்டி வகுக்கக் கூடாது. ஒன்பது அளவீடு 0.1, ஒன்று 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்ச் சராசரி 0.29. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து வர்க்கமூலம் கண்டால் 0.64. சரியானது இதுதான், ஏனென்றால் திறன் வர்க்கத்தோடு போகிறது. வர்க்கத்தை 377ஆல் வகுத்தால் வாட்/சதுர மீட்டர் கிடைக்கும். இங்கே சுமார் 1.1 மில்லிவாட். கண்டறியும் எல்லைக்குக் கீழே உள்ளவற்றை அந்த எல்லை மதிப்பாலேயே நிரப்புவது இன்னொரு தவறு. அமைதியான இடங்களில் சராசரி பொய்யாக ஏறிவிடும்.

கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமான ஐசிஎன்ஐஆர்பியின் 2020 வழிகாட்டியோடு ஒப்பிட 30 நிமிடச் சராசரி எடுக்க வேண்டும். முழு உடலுக்கு, பொதுமக்களுக்கான எல்லை 900 மெகாஹெர்ட்ஸில் 4.5 வாட்/சதுர மீட்டர், 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் 10. ஸ்பை பட்டைவாரியாகத் தருவதால் ஒவ்வொன்றையும் அதனதன் எல்லையால் வகுத்துக் கூட்டலாம். டிஎஃப்2வின் ஒற்றை எண்ணுக்கு அந்த வழியில்லை. 30 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரைக்கான மிகக் கடுமையான எல்லையான 2 வாட்டோடுதான் ஒப்பிட முடியும். டிஎஃப்2வின் திரையோ 19.999 மில்லிவாட்டோடு நின்றுவிடுகிறது. பேசிக்கொண்டிருக்கும் போனருகே கொண்டுபோய் அளவு தாண்டியதைப் பார்த்துப் பதறுபவர்கள் கவனிக்க: திரையின் அந்த உச்ச அளவே 2 வாட்டில் நூறில் ஒரு பங்குதான்.