குளோபல் ட்ரிகர் டூல்: கேஸ் ஷீட்டில் பாதிப்பைத் தேடும் முறை எப்படி?

ஆஸ்பத்திரியில் சிகிச்சையால் நோயாளிக்கு நேரும் பாதிப்பை எண்ண, ஊழியர்கள் தாமாக எழுதித் தரும் அறிக்கைகளை மட்டும் நம்பினால் பெரும்பகுதி விட்டுப்போகும். அமெரிக்காவில் மூன்று ஆஸ்பத்திரிகளின் 795 கேஸ் ஷீட்டுகளை வைத்து 2011இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட அறிக்கைகளில் அகப்பட்டவை 4. அதே கேஸ் ஷீட்டுகளை ஐஎச்ஐ (IHI, சிகிச்சையின் தரத்தை மேம்படுத்த உழைக்கும் அமெரிக்க அமைப்பு) உருவாக்கிய குளோபல் ட்ரிகர் டூல் முறையில் பார்த்தபோது கிடைத்தவை 354. கையேடு இலவசம்; 2009இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி முடித்த கேஸ் ஷீட்டுகளிலிருந்து இரண்டு வாரத்துக்கு 10 வீதம் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். நோயாளிக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். மனநல வார்டு சேராது. தகுதியில்லாதவை இடையில் வரும் என்பதால் சிலவற்றை உபரியாக எடுத்து வைப்பது நல்லது. அனுபவமுள்ள இரண்டு பேர், பெரும்பாலும் நர்ஸ் அல்லது மருந்தாளுநர், தனித்தனியாகப் படித்துவிட்டுப் பிறகு சேர்ந்து ஒத்துப் பார்ப்பார்கள். டாக்டர் கேஸ் ஷீட்டை முழுதாகத் திரும்பப் படிப்பதில்லை. அவர்கள் கண்டதைச் சரிபார்த்து முடிவு சொல்வதே அவர் வேலை.

ஒரு கேஸ் ஷீட்டுக்கு 20 நிமிடம்தான். புதிதாக வருபவர்கள் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்து இங்கேதான் தடுமாறுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து சார்ட், லேப் ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, நர்சிங் குறிப்பு என்று ட்ரிகரை, அதாவது பாதிப்பு நேர்ந்திருக்கலாம் என்று காட்டும் தடயத்தை மட்டும் தேடிப் போக வேண்டும். ட்ரிகர் கிடைத்தால்தான் அந்த இடத்தில் நின்று படிக்க வேண்டும்.

ட்ரிகர் என்பது தடயம், அதுவே பாதிப்பு ஆகாது. ரத்தச் சர்க்கரை 50 mg/dLக்குக் கீழே போனது ஒரு ட்ரிகர். அந்த நேரத்து நர்சிங் குறிப்பில் நடுக்கம், சோர்வு என்று இருந்து, குளுக்கோஸும் ஏற்றியிருந்தால் அது பாதிப்பு, ‘ஈ’ (E) வகை: தற்காலிகமானது, ஆனால் சிகிச்சை தேவைப்பட்டது. அறிகுறியே இல்லையென்றால் எண்ணக் கூடாது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 6க்கு மேல் போனாலும் இதேதான்: ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டே போகும் குழுவின் கணக்கு வீங்கிவிடும். பாதிப்பின் கடுமையை ஆங்கில எழுத்து ‘ஈ’ (E) முதல் ‘ஐ’ (I) வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். ‘ஐ’ என்றால் மரணம்.

20 கேஸ் ஷீட்டில் மொத்தம் 90 படுக்கை நாள், 6 பாதிப்பு என்று வைத்துக்கொள்வோம். 1,000 நாளுக்கு 66.7; 100 அட்மிஷனுக்கு 30. ஒரே நோயாளிக்கு இரண்டு நேர்ந்திருந்தால், பாதிக்கப்பட்டவர்கள் 25 சதவீதம். மாதம் 20 என்பது சின்ன மாதிரி, ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரு மாத எண்ணை வைத்து யாரையும் கேள்வி கேட்பது அநியாயம்.

பெரிய குறை ஒன்று உண்டு. எது தவிர்த்திருக்கக்கூடியது என்று இந்தக் கருவி கேட்பதே இல்லை. எல்லாப் பாதிப்பையும் எண்ணுகிறது, வேறு இடத்துச் சிகிச்சையால் நேர்ந்து நோயாளி வரும்போதே கூடவே வந்ததையும் சேர்த்து. இது வேண்டுமென்றே எடுத்த முடிவு. இன்று தவிர்க்க முடியாதது நாளை முடியலாம் என்பது ஐஎச்ஐயின் வாதம். நியாயம்தான். ஆனால் வார்டில் எதைத் திருத்துவது என்று கேட்டால் பதில் வராது. 2002 முதல் 2007 வரை வட கரோலினாவின் 10 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு, இந்தப் படியைத் தனியாகச் சேர்த்துக்கொண்டது: 588 பாதிப்புகளில் சுமார் 63 சதவீதம் தவிர்த்திருக்கக்கூடியவை. செய்யாமல் விட்ட சிகிச்சையையும் கருவி எண்ணுவதில்லை. தாமதமாகக் கண்டுபிடித்த நோய் இதனால் கணக்கில் வராது. எங்களைப் பொறுத்தவரை இதுதான் அதிகம் உறுத்துகிறது.

ஆகவே இதைப் பயன்படுத்துங்கள், தவிர்த்திருக்கக்கூடியதா என்று குறிக்க ஒரு கட்டத்தைப் படிவத்தில் நீங்களே சேர்த்துக்கொண்டு. அதில் இருவர் ஒத்துப்போவது பாதிப்பு உண்டா இல்லையா என்பதைவிடக் கடினம், அதனால் நிறைய விவாதிக்க வேண்டிவரும். பக்கத்து ஆஸ்பத்திரியோடு ஒப்பிட வேண்டாம். குழுவில் ஆள் மாறினால், மாதாமாதம் எண்களைக் குறிக்கும் வரைபடத்தில் அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். எண் மாறியது ஆளாலா, வார்டாலா என்று பிறகு தெரிய வேண்டும்.