உக்ரைனிய மொழியில் பன்மை: பாலைப் பார்ப்பதா, கடைசி ஒலியைப் பார்ப்பதா?

உக்ரைனிய மொழி படிக்கத் தொடங்கியதுமே கைக்கு வரும் தாள்களில் ஒன்று பன்மை அட்டவணை. ஆண்பால், பெண்பால், நடுப்பால் என்று மூன்று வரிசை. ஒவ்வொன்றுக்குள்ளும் கடைசி மெய்யைப் பொறுத்து கடினம் (சாதாரண மெய்), மென்மை (ய் சாயலோடு ஒலிக்கும் மெய்), கலப்பு (ஜ், ச் போன்ற சீறும் ஒலி) என்று பிரிவுகள். இதை மனப்பாடம் செய்வது ஒரு வழி. பாலை ஒதுக்கிவிட்டு, சொல் எந்த ஒலியில் முடிகிறது என்று மட்டும் பார்ப்பது இரண்டாவது வழி. விதியே வேண்டாம், ஒருமையையும் பன்மையையும் ஜோடியாகக் காதில் ஏற்றிக்கொள்கிறேன் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. தொடக்க நிலையில் இருப்பவருக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அது மட்டும் போதாது.

ஒலிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. உக்ரைனியத்தில் இரண்டு 'இ' உண்டு. கண்ணாடியில் பார்த்த ஆங்கில 'என்' போல எழுதப்படும் ஒன்று, இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் ஒலிக்கும். அதை இங்கே குறிலாக எழுதுகிறேன். தலையில் புள்ளி வைத்த இன்னொன்று நம் இகரமேதான். அதை நெடிலாக எழுதுகிறேன். இது அடையாளத்துக்காக மட்டுமே, உச்சரிப்பில் நீட்ட வேண்டாம். முன்னால் உள்ள மெய் மென்மையானது என்று காட்டும் எழுத்தான மென்குறிக்கு ’ என்ற குறி.

முதலில் அட்டவணை. ஆண்பால் கடினச் சொல்: ஸ்தீல் (மேசை), பன்மை ஸ்தொலி. பெண்பால் கடினச் சொல்: ஷ்கோலா (பள்ளி), பன்மை ஷ்கோலி. இரண்டுக்கும் விகுதி ஒன்றுதான். மென்மைக்குப் போனால், உச்சித்தெல்’ (ஆசிரியர்) உச்சித்தெலீ ஆகிறது. பெண்பாலான வூலித்ஸ்யா (தெரு) வூலித்ஸீ ஆகிறது. மறுபடியும் ஒரே விகுதி. ஆக அட்டவணையின் முதல் இரண்டு வரிசைகளும் ஒரே விடையைத்தான் இரண்டு முறை சொல்கின்றன. பீல்’ (வலி) ஆண்பால், ஸீல்’ (உப்பு) பெண்பால். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். எது எந்தப் பால் என்று சொல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பன்மையோ பொலீ, ஸொலீ. நீஜ் (கத்தி) ஆண்பால், நீச் (இரவு) பெண்பால். பன்மை நொஜீ, நொச்சீ. பால் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்பவரும் பன்மையைச் சரியாகவே சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். பன்மைக்கு வந்ததும் பால் வேறுபாடு பெயரடையிலிருந்தே காணாமல் போகிறது. புதிய மேசைகள் நொவீ ஸ்தொலி, புதிய பள்ளிகள் நொவீ ஷ்கோலி, புதிய ஜன்னல்கள் நொவீ வீக்னா. மூன்றுக்கும் அதே நொவீ. 'அவர்கள்', 'அவை' எல்லாவற்றுக்கும் ஒரே வொனீதான். மொழியே கைவிட்ட வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு பன்மைக்குள் நுழைவது எதற்கு?

கடைசி ஒலியைப் பார்க்கும் வழியில் கேட்க வேண்டிய கேள்விகள் குறைவு. சொல் கடின மெய்யில் முடிகிறதா, அல்லது ஆகாரத்திலா? குறில் இ போடுங்கள்: ஸ்துதெந்த் – ஸ்துதெந்தி, க்னிஹா (புத்தகம்) – க்னிஹி. மென்குறியிலோ யா-விலோ முடிகிறதா? நெடில் ஈ. ஜ், ச், ஷ், ஷ்ச் என்ற சீறும் ஒலிகளுக்கும் அதே ஈதான், பின்னால் ஆகாரம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி: க்ல்யூச் (சாவி) – க்ல்யுச்சீ, ஹ்ரூஷா (பேரிக்காய்) – ஹ்ரூஷீ. ய் என்றோ, உயிருக்குப் பின் யா என்றோ முடிந்தால் இரட்டைப் புள்ளி வைத்த யீ: முஸேய் (அருங்காட்சியகம்) – முஸேயீ, ம்ரீயா (கனவு) – ம்ரீயீ. ஓ, ஏ என்று முடிந்தால் ஆ அல்லது யா: மீஸ்தோ (நகரம்) – மீஸ்தா, மோரே (கடல்) – மோர்யா.

இது குருட்டு விதியும் அல்ல. புள்ளி வைத்த ஈ தனக்கு முன்னால் உள்ள மெய்யை மென்மையாக்கும். மற்றது கடினமாகவே விடும். மென்மெய் தன் மென்மையைக் காப்பாற்றிக்கொள்ள ஈயைத் தேடுகிறது, அவ்வளவுதான். கல் கற்களாவதையும், முள் முட்களாவதையும், மரம் மரங்களாவதையும் யோசிக்காமல் சொல்லும் நமக்கு, கடைசி ஒலி பன்மையைத் தீர்மானிப்பது அந்நியமான ஏற்பாடு இல்லை.

சரி, எங்கே சறுக்கும்? ர் ஒலியில். லீக்கார் (மருத்துவர்) – லீக்காரீ, ஆனால் பஸார் – பஸாரி. காதுக்கு இரண்டும் ஒரே ஆர்தான். உக்ரைனியத்தில் சொல் முடிவில் வரும் ர் கடினமாகவே ஒலிக்கும் என்பதால் லீக்காரின் மென்மை வெளியே தெரியாது. 'மருத்துவருடைய' என்று சொல்லும்போது லீக்கார்யா என்று எட்டிப் பார்க்கும். தொடக்கக்காரருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்த சறுக்கல் யா-வில். ஸவ்தான்ன்யா (பணி, வீட்டுப்பாடம்) நடுப்பால். பன்மையிலும் அப்படியே நிற்கும். மெய் இரட்டித்திருந்தால் மாறாது என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் ஸ்தாத்த்யா (கட்டுரை) பெண்பால். அது ஸ்தாத்தீ ஆகிவிடும். குட்டிகளின் பெயர்கள் தனி ரகம்: கொஷென்யா (பூனைக்குட்டி) – கொஷென்யாத்தா. ஓ-வில் முடியும் பாத்’கோ (தந்தை) ஆண்பால் என்பதால் பாத்’கி ஆகும்; பாத்’கா என்று பன்மை சொன்னால் பிழை. அட்டவணைக்காரர்கள் வெற்றிப் புன்னகை செய்ய வேண்டிய இடம் இது. தந்தை ஆண்பால் என்று தெரிந்துகொள்ள அட்டவணை தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இரண்டு வழிகளும் சேர்ந்து தோற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கேதான் ஜோடி முறை ஜெயிக்கிறது. விகுதி சரியாக இருந்தும் சொல்லின் நடுப்பகுதி மாறிப்போகும். ஸ்தீல் ஏன் ஸ்தீலி ஆகாமல் ஸ்தொலி ஆனது? மெய்யில் மூடும் அசையில் ஈயாக இருப்பது, அசை திறந்ததும் பல சொற்களில் பழைய ஒ-வாகவோ எ-யாகவோ திரும்பிவிடும். கீத் (பூனை) – கொத்தி, ரீக் (ஆண்டு) – ரொக்கி. சில சொற்களில் உயிர் விழுந்தே போகும்: தென்’ (நாள்) – த்னீ, பெஸ் (நாய்) – ப்ஸி, புதினோக் (கட்டடம்) – புதின்கி. இதற்கும் விதிகள் உண்டு. ஆனால் பேச வாயெடுக்கும் நேரத்தில் அந்த விதிகளை ஓட்டிப் பார்க்க முடியாது. ஜோடியாகத் தெரிந்திருந்தால்தான் உண்டு.

அழுத்தம் இன்னும் பெரிய விஷயம். நம் மொழியில் அசையழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் தமிழர்கள் இதை அசட்டை செய்வோம். ருக்கி என்று எழுதியிருப்பதை முதல் அசையில் அழுத்தினால் 'கைகள்'. இரண்டாவதில் அழுத்தினால் 'கையினுடைய'. மீஸ்தா: முதல் அசை அழுந்தினால் 'நகரத்தினுடைய', கடைசி அழுந்தினால் 'நகரங்கள்'. வீக்னா இதற்கு நேர் எதிர்: முதலில் அழுத்தினால் 'ஜன்னல்கள்', கடைசியில் அழுத்தினால் 'ஜன்னலுடைய'. அச்சில் அழுத்தக்குறி வழக்கமாக இருக்காது, அகராதியிலும் பாடநூலிலும்தான் இருக்கும். எனவே ஜோடியைக் கண்ணால் படிப்பது பாதி வேலைதான்.

ஒழுங்கற்ற சொற்களுக்கு ஜோடியை விட்டால் வேறு வழியே இல்லை. ல்யுதினா (மனிதர்) – ல்யூதி, தித்தினா (குழந்தை) – தீத்தி, த்ரூஹ் (நண்பர்) – த்ரூஸீ, ஓக்கோ (கண்) – ஓச்சீ, மாத்தி (தாய்) – மாத்தெரீ. எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் தினமும் வாயில் வருபவை. ஜோடி முறையின் குறை வெளிப்படையானது: புதுச் சொல்லைக் கண்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்.

ரஷ்யன் கொஞ்சம் தெரிந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. 2022க்கு முன்பு கார்கிவில் மருத்துவம் படித்த நம் மாணவர்கள் தெருவில் அதிகம் கேட்டது ரஷ்யன்தான். அந்தப் பழக்கத்தில் பேராசிரியர்களை ப்ரஃபெஸ்ஸரா என்றும் ஆசிரியர்களை உச்சித்தெல்யா என்றும் ஆகாரம் போட்டு அழைக்கத் தோன்றும். உக்ரைனியத்தில் ப்ரொஃபேஸொரி, உச்சித்தெலீ. இங்கே ஆண்பாலுக்கு ஆகாரப் பன்மை அபூர்வம். தெரிந்த ரஷ்யனை வைத்து ஊகிப்பதை நான்காவது வழியாகச் சிலர் சொல்வதுண்டு. பன்மையைப் பொறுத்தவரை அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடைமுறையில் எப்படிப் போவது? கடைசி ஒலி விதியை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம். அதன்பின் வரும் ஒவ்வொரு புதுச் சொல்லையும் விதிப்படி ஊகித்து, அகராதியில் அழுத்தத்தோடு சரிபார்த்து, மாறுவதை மட்டும் ஜோடியாக எழுதிக்கொள்ளுங்கள். அட்டவணையைத் தூக்கிப் போட வேண்டாம்; வேற்றுமைகளுக்குள் போகும்போது பால் இல்லாமல் ஓரடி எடுத்து வைக்க முடியாது.

ஜோடியாகக்கூட வேண்டாம், மூன்றாக எழுதுங்கள் என்பேன். ஏனென்றால் எண்ணோடு சேர்ந்தால் பன்மை இன்னொரு முகம் காட்டும். நாம் 'பத்து ரூபாய்' என்று ஒருமையிலேயே ஓட்டிவிடுகிறோம். அங்கே 2, 3, 4 ஆகியவற்றுக்கு இதுவரை பார்த்த பன்மை, 5 முதல் வேறொரு பன்மை. த்வா ஸ்தொலி (இரண்டு மேசைகள்), ஆனால் ப்யாத்’ ஸ்தொலீவ் (ஐந்து மேசைகள்). புத்தகத்துக்கு இன்னொரு சொல்லான க்னிஜ்காவின் பன்மை க்னிஜ்கி தனியாக வந்தால் கடைசி அசையில் அழுந்தும். 'இரண்டு' (பெண்பாலுக்கு த்வீ) சேர்ந்து த்வீ க்னிஜ்கி ஆனால் அழுத்தம் முதல் அசைக்கு ஓடிவிடும். இதற்கு நல்ல பாடநூல் அந்த நாட்டுப் பணமான ஹ்ரிவ்ன்யா. 1, 2, 5 மதிப்புள்ள நாணயங்களை வரிசையாக வைத்தால் ஹ்ரிவ்ன்யா, ஹ்ரிவ்னீ, ஹ்ரிவென்’ என்று மூன்று வடிவமும் பொறிப்பிலேயே கிடைக்கும். 11 முதல் 14 வரை ஐந்தின் கூட்டம். 21க்கு மறுபடியும் ஒருமை, 22க்கு இரண்டின் வடிவம், 25க்கு ஹ்ரிவென்’. மீதிச் சில்லறையை வாய்விட்டு எண்ணிப் பாருங்கள்.