தலைப்பு வாரியாகவா, புத்தகம் புத்தகமாகவா?

வேதாகம உபதேசங்களைப் படிக்க நம் சபைகளில் இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. விசுவாசம், ஞானஸ்நானம், ஆசீர்வாதம் என்று ஒரு தலைப்பை எடுத்து, ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று பட்டியலிடும் ஒத்தவாக்கிய அகராதியின் துணையோடு வசனங்களைத் திரட்டிப் படிப்பது ஒன்று. ரோமர் நிருபம் என்றால் அதன் 16 அதிகாரத்தையும் வரிசையாகப் படிப்பது இன்னொன்று. எங்கள் வீட்டு ஜெபக்குழு முதலாவதை விட்டு இரண்டாவதற்கு மாறிவிட்டது. நானும் அந்தக் கட்சிதான்.

தலைப்பு முறை வேகமானது. ஒரு மாலையில் ஒரு பாடம் முடிந்துவிடும், புதிதாக வருபவரும் திணறமாட்டார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வசனத்தை யார், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்பது அகராதியில் வராது. என்னை மாற்றியது அதுதான்.

துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்கிற யோபு 8:7-ஐ வாக்குத்தத்த அட்டைகளில் பார்த்திருப்பீர்கள். அதைப் பேசுவது யோபுவின் சிநேகிதரில் ஒருவரான பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் யோபுவிடம், அவர்கள் செய்த பாவம்தான் அவர்களை வாரிக்கொண்டது என்கிற தொனியில் 8:4-இல் பேசிய அதே ஆள். 'நீ சுத்தமும் செம்மையுமானவனாக இருந்தால்' என்ற நிபந்தனையும் முந்தின வசனத்தில் இருக்கிறது. கடைசியில் 42:7-இல் கர்த்தர் இன்னொரு சிநேகிதரான எலிப்பாசைப் பார்த்து, நீயும் உன் இரண்டு சிநேகிதரும் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபிக்கிறார். யோபுவின் பின்னிலைமை ஆசீர்வாதமாக முடிந்தது உண்மை. அந்தப் புண்ணியத்தைப் பில்தாத்தின் கணக்கில் எழுத முடியுமா?

உபதேசத்தில் இது இன்னும் உறைக்கும். கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தால் நீதிமானாவதைச் சொல்லும் ரோமர் 3:28-ஐயும், விசுவாசத்தால் மாத்திரமல்ல என்கிற யாக்கோபு 2:24-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரோமரை எழுதிய பவுலும் யாக்கோபும் மல்லுக்கு நிற்பதுபோல் தெரியும். இருவர் கையிலும் இருப்பது, ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிற ஆதியாகமம் 15:6 தான். பவுல், ஆபிரகாம் விருத்தசேதனத்துக்கு முன்பே நீதிமானாக எண்ணப்பட்டதைக் காட்டி, யூதரல்லாத புறஜாதியாருக்கும் கதவு திறந்திருக்கிறது என்று வாதாடுகிறார். யாக்கோபோ, துணியும் சோறும் இல்லாத சகோதரனை 'சமாதானத்தோடே போ' என்று வெறும் வாயால் அனுப்புகிறவனைப் பிடித்து உலுக்குகிறார். வரிசையாகப் படித்தால் சண்டை பெரும்பாலும் கரைந்துவிடும். பெரும்பாலும்தான்! வேதத்தை முழுக்கக் கரைத்துக் குடித்த சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரே 1522-இல் யாக்கோபின் நிருபத்தை 'வைக்கோல் நிருபம்' என்று எழுதினார்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவம் போன்ற உபதேசத்துக்கு என் முறை மட்டும் போதாது. மத்தேயு 28:19, யோவான் 1, 2 கொரிந்தியர் 13:14 என்று பல இடங்களைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே அகராதிதான் கைகொடுக்கும். வெளிப்படுத்தின விசேஷத்தை எங்கள் குழு இன்னும் தொடவில்லை, அதனால் அதில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்லமாட்டேன். மாறிப் பார்க்க விரும்புகிறவர்கள் பிலிப்பியரில் தொடங்கலாம். நாலே அதிகாரம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அப்புறம் அகராதியை எடுங்கள்.